தாமிரபரணித் தண்ணீரை அகத்தியரிடமே கொண்டுபோனேன்

அப்பா மூன்று முறை பொதிகை ஏறியவர். மூன்றும் பாபநாசம் வழிதான், காரையாறு தாண்டி. நாலாவது முறை அகத்தியருக்குத் தாமிரபரணித் தண்ணீரால் அபிஷேகம் செய்வதாக நேர்ந்துகொண்டார். அதற்குள் அந்தப் பக்கம் வழி அடைபட்டது. அப்புறம் முழங்காலும் கைவிட்டது. "ஏட்டி, நீ கேரளாவுலதான இருக்க, அந்தப் பக்கமா எனக்காகப் போயிட்டு வா" என்றார்.

திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு எப்படி மறுப்பது? பெண்களுக்கு வழி திறந்ததே 2019-ல்தான், அதுவும் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு. மலையேற வனத்துறை பாஸ் வேண்டும். அதை எடுத்துத் தருவதாக ஓர் ஏஜென்ட் இரண்டு பங்கு பணம் கேட்டான். போடா என்று விட்டுவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் மூன்று நாள் தவம் கிடந்து நானே எடுத்தேன்.

விதுரா வழியாகப் போனக்காடு. பாழடைந்த தேயிலைத் தோட்டத்தைத் தாண்டினால் சோதனைச் சாவடி. பிளாஸ்டிக் கூடாது, பூஜைச் சாமான் கூடாது. கற்பூரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டேன். பையில் இருந்தது பாபநாசம் படித்துறையில் மொண்ட எவர்சில்வர் பாட்டில் தண்ணீர் மட்டும். குடிதண்ணீர்தானே என்று விட்டுவிட்டார்கள். முருகா!

அன்று முழுக்க நடைதான். கரமனையாறு, புல்வெளி, ஈற்றை என்கிற நாணல்மூங்கில் காடு, நிறைய அட்டை. முட்டிடிச்சான் தேரி என்று ஓர் ஏற்றம் வரும். முட்டி நெஞ்சில் இடிக்கும், பேர் வைத்தவர் பொய் சொல்லவில்லை. வழிகாட்டியாகக் கூட வந்த காணிக்கார அண்ணன், இந்த மலையின் பழங்குடி, "பையெ மதி, சேச்சி", மெதுவாப் போனால் போதும் அக்கா என்று மலையாளத்தில் சொல்லிக்கொண்டே வந்தார். ராத்திரி அதிருமலையில் கஞ்சியும் பயறும். யானை வராமலிருக்க முகாமைச் சுற்றி அகழி. நான் தூங்கவில்லை. பக்கத்தில் ஒரு கூட்டம் விடியவிடியப் பாட்டுப் போட்டது. இதற்கு இவர்கள் கோவளம் போயிருக்கலாம்.

மறுநாள் பொங்கலப்பாறை தாண்டியதும் மரங்கள் குள்ளமாகிவிட்டன. கடைசிப் பாறைகளில் கயிற்றைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். இரண்டாவது கயிற்றில் கால் வழுக்கித் தொங்கினேன். பயத்தில் எந்த மந்திரமும் வரவில்லை, "அப்பா" என்றுதான் கத்தினேன்.

1,868 மீட்டர் உச்சி. மேற்கே நெய்யாறு, கிழக்கே நம் தாமிரபரணி, இரண்டுக்கும் பிறந்த வீடு இந்த மலைக்கூட்டம்தான். ஒன்றும் தெரியவில்லை, ஒரே மஞ்சு. அதற்குள்ளே குறுமுனி கல்லாக நின்றார். சுற்றிலும் செல்ஃபி. நகருங்கள் என்று சொல்லவும் எனக்குக் குரல் இல்லை. ஒரு பெரியவர் புரிந்துகொண்டு எல்லாரையும் ஒதுக்கிவிட்டார்.

தலையில் ஊற்றினேன். இங்கேயிருந்து இறங்கி, எங்கள் வயலை நனைத்து, அப்பாவைக் குளிப்பாட்டி, என்னை வளர்த்த தண்ணீர். தாடியில் இறங்கி, மார்பில் வழிந்து, பாறையில் விழுந்தது. முனிவா, நீ கொடுத்ததுதான். வேறு என்ன சொன்னேன், எவ்வளவு நேரம் நின்றேன் என்று ஞாபகமில்லை. அண்ணன் தோளைத் தட்டித்தான் இறங்கவைத்தார்.

போனக்காடு தாண்டி சிக்னல் கிடைத்ததும் அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"ஊத்துன தண்ணி எந்தப் பக்கம் ஓடிச்சு?"

அழுத கண்ணுக்கு எது தெரிந்தது? "கிழக்கேதாம்ப்பா" என்றேன்.