ஆறட்டுமாங்ணா

"ஆறட்டுமாங்ணா?" என்று அந்தப் பையன் கேட்டான். "துணியச் சுத்திப் புடிச்சு அளந்து போடு சாமி, டெம்போ நிக்குது" என்றேன். நடந்தது இவ்வளவுதான். 1994ஆம் வருடம். நான் பட்டறையை விட்டு வந்தே பல வருடமாகிவிட்டது. கொல்லைப்புறத்தில் சின்ன லேத் ஒன்றைப் போட்டுக்கொண்டு பேரப்பிள்ளைகளுக்குப் பம்பரம் கடைந்துகொண்டிருக்கிறேன். கட்டையை லேத்தில் பிடித்திருக்கும் சக்கிலிருந்து கழற்றும்போதெல்லாம் அந்தக் குரல் வந்து நிற்கிறது.

மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருக்கிற மோனோபிளாக் பம்புக்கான ஷாஃப்ட் அது. 6204 என்கிற சைஸ் பேரிங் ஏற வேண்டிய இடத்தின் விட்டம் 20 மில்லிமீட்டர். அதற்கு மேல் குறைந்தது 2 மைக்ரான், அதிகம் போனால் 15 மைக்ரான் இருக்கலாம். ஒரு மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். கிரைண்டிங் மெஷின் வாங்க வசதியில்லாத கோயமுத்தூர் ஆவாரம்பாளையம் பட்டறைகளில் அப்போது லேத்திலேயே கடைந்து, எமரித் தாள் போட்டுத் தேய்த்து ஃபினிஷிங் செய்துவிடுவோம். எமரி போட்டால் சூடு ஏறும். துணி இல்லாமல் தொட முடியாத அளவுக்கு ஏறும்.

20 மில்லி கம்பி 40 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் 9, 10 மைக்ரான் பருத்துவிடும். சூட்டோடு மைக்ரோமீட்டரில் 6 மைக்ரான் கூடுதல் என்று காட்டுகிற பீஸ், ஆறியதும் 20 மில்லிக்குக் கீழே இறங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தெரியாது, பேரிங்குக்கு மட்டும் தெரியும்.

இது எனக்குத் தெரியாததில்லை. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பெரியவர் முதல் மாதமே சொன்னது, "ஆறாத பீஸை அளக்காதே" என்பதுதான். அதனால்தான் இதை அவசரம் என்று சொல்லித் தள்ளிவிட முடியவில்லை. ஆனால் அவசரம் என்பதும் பொய்யில்லை. 200 பீஸ் அன்றைக்குப் போயாக வேண்டும் என்று ஓனரே இரண்டு தடவை வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். வாசலில் டெம்போக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் யார் இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள் என்று பல ராத்திரி எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெரியவர் இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார்.

மூன்றாம் நாள் 63 பீஸ் திரும்பி வந்தது. தட்டி ஏற்ற வேண்டிய பேரிங் கையாலேயே வழுக்கிக்கொண்டு போகிறது என்றார்கள். அப்படியே மாட்டி ஓடவிட்டால் பேரிங்கின் உள்வளையம் ஷாஃப்ட்டின் மேலேயே வழுக்கிச் சுற்றித் தேய்த்துவிடும். அப்புறம் சூடு, சத்தம். கடைசியில் யாரோ ஒரு தோட்டத்துக்காரர் தண்ணீர் பாய்ச்சுகிற நேரத்தில் மோட்டார் நிற்கும்.

ஓனர் ஒரு ஷாஃப்ட்டைக் கையில் எடுத்து நீட்டி, "இத அளந்தது யாரு?" என்றார்.

"நானுங்க" என்றான் பையன்.

நான் டூல் கிரைண்டர் பக்கத்தில், கையில் ஒரு டூல் பிட்டோடு நின்றிருந்தேன். பொய் சொல்லவில்லை. என்னை யாரும் கேட்கவும் இல்லை. அளந்தது அவன்தான். சூட்டோடு அளக்கச் சொன்னது யார் என்று ஓனர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன் என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போது அவ்வளவு உறுதியில்லை. அவன் என் பக்கம் திரும்பிப் பார்த்தானா என்பதைத்தான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். பார்க்கவில்லை என்றுதான் ஞாபகம். பார்த்திருந்தால் வாயைத் திறந்திருப்பேனோ என்னவோ.

அவனுக்கு ஒரு வாரக் கூலி போச்சு. மூன்று மாதம் மெஷினைத் தொடக் கூடாது என்றார் ஓனர். 17 வயசுப் பையன், மூன்று மாதமும் லேத்துக்கு அடியில் விழுகிற இரும்புச் சுருளைக் கூட்டி அள்ளினான். சாயங்காலம் டீ வாங்கி வந்தால் முதல் கிளாஸை எனக்குத்தான் நீட்டுவான்.

ஒன்று மட்டும் செய்தேன். பேரிங் உட்காரும் இடத்தில் பஞ்ச் அடித்து மேடு எழுப்பினால் பேரிங் இறுக்கமாகத்தான் ஏறும், அப்படியே கொடுத்துவிடலாம் என்று இன்னொருவர் யோசனை சொன்னார். பல இடத்தில் நடக்கிற வேலைதான். பேரிங் ஏறும், கொஞ்ச நாளில் மேடு தேய்ந்து மறுபடி லூசாகும். கூடவே கூடாது என்று நின்றேன். 63 பீஸையும் ஸ்கிராப்பில் போட்டுப் புதுசாகக் கடைந்தோம், இரண்டு ராத்திரி நான் வீட்டுக்குப் போகவில்லை. அதை நினைத்தால் மனசு கொஞ்சம் ஆறும். அப்புறம் தோன்றும், முகம் தெரியாத தோட்டத்துக்காரருக்காகப் பேசத் தெரிந்த எனக்குப் பக்கத்தில் நின்ற பையனுக்காகப் பேச வரவில்லையே என்று.

எட்டு மாதத்தில் அவன் வேறு பட்டறைக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு என்னிடம் தொழில் கற்ற பையன்கள் அத்தனை பேருக்கும் முதல் பாடம், ஆறவிட்டு அளப்பதுதான். ஏன் என்பதற்குக் கணக்குச் சொல்லுவேன், இந்தக் கதையைச் சொன்னதில்லை. நான் ரிட்டயர் ஆன அன்றைக்குச் சால்வை போர்த்தி, "பசங்கள விட்டுக் குடுக்காதவர்" என்று பேசினார்கள். தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். கூச்சப்படுகிறார் என்று நினைத்திருப்பார்கள்.

பம்பரத்துக்கு மைக்ரோமீட்டர் தேவையே இல்லை. கொய்யாக் கட்டையானாலும் புளியங்கட்டையானாலும் மழைக்காலத்தில் ஒரு அளவு, வெயிலில் ஒரு அளவு. ஆணி மட்டும் நடு மையத்தில் இறங்கிவிட்டால் போதும், பம்பரம் ஆடாமல் அசையாமல் தூங்கும். ஒரு நூல் விலகினாலும் தலையை ஆட்டிக்கொண்டு ஓடும். இருந்தும் ஒவ்வொரு கட்டையையும் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் காத்திருக்கிறேன். "ஏனுங்க அப்புச்சி, தொட்டுத் தொட்டுப் பாக்கறீங்க?" என்று பேரன் கேட்கிறான். ஆறட்டும் கண்ணு என்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கல்யாணத்தில் அவனைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. கணபதியில் சொந்தமாக, கம்ப்யூட்டரில் ஓடுகிற இரண்டு சிஎன்சி மெஷின் போட்டிருக்கிறானாம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவன், இலை போடும்போது அவனாகவே ஆரம்பித்தான்.

"அன்னைக்கு நான் தப்பா அளந்துட்டனுங்ணா. அதுக்கப்புறம் ஒரு பீஸைக்கூடச் சூட்டோட அளந்ததில்லீங்ணா. எங்க பசங்களுக்கும் அதைத்தான் சொல்லுவேன், நான் பண்ணுன தப்புன்னு."

நான் சொன்னது அவனுக்கு மறந்துவிட்டதா? மறக்காமலே எனக்காக அப்படிச் சொன்னானா? முகத்தைப் பார்த்தேன், தெரியவில்லை. "ம்" என்றேன். சாம்பார் வந்தது.

பம்பரம் கடைகிறேன் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். தன் மகனுக்கு ஒன்று வேண்டும் என்றான். அன்று வீட்டுக்கு வந்ததும் நல்ல வைரம் பாய்ந்த புளியங்கட்டையாக எடுத்துக் கடைந்து, ஆணி இறக்கி, அரக்கும் பூசி வைத்துவிட்டேன். விட்டால் நெடுநேரம் தூங்குகிறது. அலமாரியில்தான் இருக்கிறது. அவன் பட்டறைக்கு வீட்டிலிருந்து ஒரே பஸ். கொடுக்கப் போகிற அன்றைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் வைத்திருக்கிறேன். போன வாரமும் சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு கிளம்பினேன், பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.