எல் ஹாரன்: நாட்குறிப்பு

பிப்ரவரி 2
எல் ஹாரன் வந்துவிட்டது. பெட்டியைப் பிரித்ததும் முதலில் தேடியது முத்திரையைத்தான். 3 59, அதாவது செய்தது 1959 மார்ச். வண்டி 1959 மே மாதத்தது. ஹாரன் செய்யும் லூகாஸ் கம்பெனியிலிருந்து கிளம்பி டிரையம்ப் ஆலையில் ஒரு டி.ஆர்.3ஏ காரில் ஏற இரண்டு மாதம் சரியான கணக்கு. கீழ்ச்சுருதிக்கான எல் என்ற எழுத்தும் தெளிவாக இருக்கிறது. ராத்திரி இரண்டு தடவை எழுந்துபோய்ப் பார்த்தேன்.

பிப்ரவரி 3
இடது காது அடைப்பு. மாத்திரை இரண்டு வேளை.

பிப்ரவரி 5
வண்டியை முன்பு வைத்திருந்தவர் மாட்டிவிட்டுப் போன 9எச் ரக ஹாரன் இரண்டையும் கழற்றினேன். அவை அறுபதுகளின் சரக்கு. நன்றாகத்தான் அடிக்கும், அதுதான் எரிச்சல். பானெட்டைத் திறந்தால் அந்த இடத்தில் சங்கு மாதிரிச் சுருண்ட விண்டோன் 618 ஹாரன் ஜோடியாக இருக்க வேண்டும், மேல்சுருதி எச் ஒன்று, கீழ்ச்சுருதி எல் ஒன்று. எச் எப்போதோ கிடைத்துவிட்டது. எல் கிடைக்கத்தான் இத்தனை நாள். போன தடவை வந்தது 11 61. படத்தில் முத்திரையைக் கட்டைவிரலால் மறைத்திருந்தார்கள். நானும் கேட்காமல் பணம் கட்டினேன். இரண்டரை வருஷம் பிந்தியது என்று யாருக்குத் தெரியப்போகிறது என்கிறாள் இவள். எனக்குத் தெரியுமே.

பிப்ரவரி 6
மூடியைக் கழற்றினேன். மின்சாரத்தைச் சேர்த்துப் பிரிக்கும் பாயிண்டில் கருப்புப் படிவு, அவ்வளவுதான். சங்குக்குள் குளவிக்கூடு!

பிப்ரவரி 8
மேசையில் வைத்து 12 வோல்ட் நேராகக் கொடுத்தேன். அடித்தது. ஆனால் அதற்கடியில் இன்னொரு குரல், கொஞ்சம் சுருதி இறங்கி, பிசிறடித்துக்கொண்டு. கையேட்டில் உள்ளபடி பூட்டு நட்டைத் தளர்த்தி, பாயிண்ட் பிரிந்து சத்தம் நிற்கும்வரை திருகி, அரைச் சுற்றுத் திருப்பி இறுக்கினேன். அதே பிசிறு. மறுபடியும். ஒன்பது தடவை. அந்த நட் தேய்மானத்தை ஈடுகட்டத்தான், சுருதியை மாற்றாது. சுருதி உள்ளே அதிரும் சவ்விலும் சங்கின் நீளத்திலும் இருக்கிறது. இதை மற்றவர்களுக்கு நானே எத்தனை முறை சொல்லியிருப்பேன். பத்தாவது தடவையும் திருகினேன்.

பிப்ரவரி 9
டாக்டர் அறைச் சுவரில் காதின் படம். உள்ளே ஒரு விண்டோன் சுருண்டு கிடக்கிறது.

ஒரே ஒலி இரண்டு காதிலும் இரண்டு சுருதியாகக் கேட்கலாமாம். சாதாரணமாகச் சொன்னார். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 10
தூக்கமில்லை. தலை சுற்றல்.

பிப்ரவரி 11
மகளைக் கூப்பிட்டு அடித்துக் காட்டினேன். "ஒரு சத்தம்தான்ப்பா கேக்குது." இன்னொரு தரம் அடித்தேன். "ஒண்ணுதான்." இடது காதைப் பொத்திக்கொண்டு அடித்தேன். ஒன்றுதான்.

ஆம்மீட்டரைத் தொடரில் போட்டேன். ஏழு ஆம்பியரில் முள் ஆடாமல் நின்றது. ஹாரனில் பழுதில்லை. பத்து தடவை திருகிய நட்டின் முனை மழுங்கிப்போனதுதான் மிச்சம்.

பிப்ரவரி 12
அடுத்த பரிசோதனை 16-ஆம் தேதி.

பிப்ரவரி 14
இரண்டையும் மாட்டியாயிற்று. பிராக்கெட்டுக்கு அடியில் பெயின்ட்டைச் சுரண்டி, போல்ட்டை நன்றாக இறுக்கினேன். பிடிமானம் தளர்ந்தால் எவ்வளவு நல்ல ஹாரனும் தகரம் மாதிரிக் கத்தும். இது பாசிட்டிவ் எர்த் வண்டி, பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். ஹாரனுக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது, எப்படிக் கொடுத்தாலும் அடிக்கும்.

இடது காதில் பஞ்சு வைத்துக்கொண்டு ஸ்டீயரிங் நடுவே அழுத்தினேன். எச்சும் எல்லும் சேர்ந்து ஒலித்தன. பஞ்சை எடுத்துவிட்டு இன்னொரு தரம் அழுத்தினேன். எத்தனை குரல் கேட்டது என்று எழுதப்போவதில்லை.

பிப்ரவரி 15
காலையில் எச்சின் முத்திரையைத் துடைத்தேன். இத்தனை நாள் 59 என்றே நினைத்திருந்தேன். அந்த ஒன்பது நான்கு மாதிரித் தெரிகிறது. பூதக்கண்ணாடி எங்கே