குழாய் வைக்கும் முன்

ஜூன் 3
பாப்பாவுக்கு 12 வயது, மூளை முடக்குவாதம். இடது இடுப்பு மூட்டு இன்னும் நழுவியிருக்கிறதாம். புரட்டிப் படுக்க வைத்தால் கத்துகிறாள். விடிய விடிய மாற்றி மாற்றி மடியில் வைத்திருந்தோம்.

ஜூன் 4
விருதுநகர் பக்கத்திலிருந்து பெரியத்தை வந்தார். "ஆண்டவன் சீக்கிரம் கூப்பிட்டுக்கிட்டா அவளுக்கும் விடுதலை, உங்களுக்கும் விடுதலை" என்று பாப்பாவின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார். பாசமாகத்தான் சொன்னார். எனக்கு அந்த ஊர்ப்பக்கத்துத் தலைக்கூத்தல் ஞாபகம் வந்துவிட்டது. படுக்கையில் கிடக்கும் கிழவர்களுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து முடித்துவிடுவது. என் மனைவி செல்வி அடுக்களையை விட்டு வெளியே வரவே இல்லை.

ஜூன் 6
மறுபடியும் லாட்டிமர் வழக்கின் தீர்ப்பைப் படித்தேன். கனடா, சஸ்காச்சுவன் மாகாணத்து விவசாயி. 1993 அக்டோபரில், மனைவியும் மற்ற பிள்ளைகளும் சர்ச்சுக்குப் போயிருந்தபோது மகள் டிரேசியைக் கொன்றார். 12 வயது. என் பாப்பா வயது. அவளுக்கும் மூளை முடக்குவாதம், அவளுக்கும் இடுப்பு. நவம்பரில் ஆபரேஷன் குறித்திருந்தார்கள். இன்னும் அவளை வெட்டுவதா என்று அவருக்குப் பொறுக்கவில்லை.

விசாரணை நீதிபதி இரக்கப்பட்டு ஒரு வருடச் சிறை, ஒரு வருடம் வீட்டுக்காவல் என்றார். மேலே போனதும் அது நிற்கவில்லை. 2001-ல் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது, 10 வருடத்துக்குப் பரோல் கிடையாது. அதே தீர்ப்பில் எழுதியிருக்கிறார்கள்: டிரேசிக்குப் பாட்டு பிடிக்கும், சர்க்கஸ் பிடிக்கும், பொத்தானை அமுக்கி ரேடியோ போடுவாள், அப்பா அம்மா மெல்ல ஆட்டினால் சந்தோஷப்படுவாள்.

அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் செய்தது சரி என்றும் சொல்ல வரவில்லை.

ஜூன் 7
மழை. ஃபிட்ஸ் இல்லை.

ஜூன் 9
வாயால் ஊட்டுவது நுரையீரலுக்குள் போகிறது, அதனால்தான் அடிக்கடி நிமோனியா, வயிற்றில் குழாய் வைத்தே ஆகவேண்டும் என்கிறார் டாக்டர். செல்வி முடியாது என்கிறாள். ரசஞ்சோறு ஊட்டும்போதுதான் பாப்பா சிரிப்பாள், அதையும் பிடுங்கணுமா என்று அழுதாள்.

லாட்டிமர் வீட்டிலும் குழாய் வேண்டாம் என்றார்கள். வைத்திருந்தால் வலிக்கு நல்ல மருந்து கொடுத்திருக்கலாம் என்று நீதிபதிகள் சொன்னார்கள். வழி இருந்திருக்கிறது. ராத்திரி முழுக்க இதே நினைப்பு.

ஜூன் 10
நமக்கப்புறம் யார்?

ஜூன் 12
பிசியோதெரபிக்குக் காத்திருக்கும்போது இன்னொரு அப்பா மெதுவாகக் கேட்டார், "கோர்ட்டுல மனு போடலாமா சார்?" 2018-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஓர் அப்பா தன் மகனைக் கருணைக்கொலை செய்ய அனுமதி கேட்டு மனு போட்டதைப் படித்திருக்கிறார். சிகிச்சையை நிறுத்த மட்டும்தான் சில நிபந்தனைகளோடு சட்டம் இடம் கொடுக்கிறது, ஊசி போட்டால் கொலைதான் என்றேன். பெல்ஜியத்தில் 2014 முதல் குழந்தைகளுக்கும் கருணைக்கொலை உண்டு, ஆனால் குழந்தையே புரிந்து கேட்க வேண்டும்.

"எம்பையன் எங்க சார் கேப்பான்?"

என் பாப்பாவும் கேட்க மாட்டாள். வலிக்கிறது என்று கத்துவாள், அவ்வளவுதான். அந்தக் கத்தலுக்கு 'என்னைக் கொன்றுவிடு' என்று அர்த்தம் சொல்ல எனக்கு என்ன உரிமை? தூக்கமில்லாதவன் நான். கடன்காரன் நான். அவள் வலி எங்கே முடிகிறது, என் அலுப்பு எங்கே தொடங்குகிறது என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. மாதம் 2,000 ரூபாய் உதவித்தொகையைக் கையில் கொடுத்துவிட்டு, சாவை மட்டும் கருணையாகத் தருவார்களா? முதலில் வலிக்கு மருந்து கொடுங்கள். ராத்திரிக்கு ஓர் ஆள் கொடுங்கள்.

தாக்கப்பட்டு நினைவிழந்து கிடந்த நர்ஸ் அருணா ஷான்பாக்கை 40 வருடத்துக்கு மேல் பார்த்துக்கொண்டவர்கள் மும்பை கேஇஎம் மருத்துவமனை நர்ஸ்கள். 2011-ல் கருணைக்கொலை வழக்கில் அவளைச் சாகவிடக் கூடாது என்று நின்றவர்களும் அவர்கள்தான். சொந்தமில்லை, பந்தமில்லை. அப்படி நாலு பேர் கிடைப்பார்களா பாப்பாவுக்கு?

ஜூன் 13
பெரியத்தை ஊருக்குக் கிளம்பினார். வாசலில் செல்வி அவரிடம், "இனிமே அப்படிச் சொல்லாதீங்க பெரியத்தை, அவளுக்குக் காது கேக்கும்" என்றாள்.

ஜூன் 15
குழாய்க்குச் செல்வி சரி சொல்லிவிட்டாள். நாக்கில் ருசிக்கு ஒரு சொட்டு ரசம் வைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்கச் சொன்னாள். வியாழன் அட்மிஷன். ஆதார், நிராமயா காப்பீட்டு அட்டை, பழைய எக்ஸ்ரே எடுத்து வைக்க வேண்டும். வலி மருந்து பற்றி எழுதியே கொண்டுபோக வேண்டும், அங்கே போனால் பாதி மறந்துவிடும்.