ஒரு பூசணியின் கடைசிக் கிழமைகள்

செப்டெம்பர் 6, சனி

நிறைப் போட்டிக்காக வளர்க்கும் இராட்சதப் பூசணிக்குக் காலையில் அளவுநாடா போட்டேன். சுற்றளவு 155 அங்குலம். ஒரு பக்க நிலத்திலிருந்து முதுகுக்கு மேலால் மறுபக்க நிலம்வரை 92. காம்புப் பக்கமிருந்து பூ முனைவரை 93. கூட்டினால் 340. அளவைக் கொண்டு நிறையை மதிப்பிட வளர்ப்பவர்கள் ஓர் அட்டவணை வைத்திருக்கிறார்கள். இந்தக் கூட்டுத்தொகைக்கு அது சொல்லும் எடை ஏறத்தாழ 900 இறாத்தல். யூலைக் கடைசியில் நாளுக்கு 25 இறாத்தல் ஏறிய காய், இப்போது ஐந்து ஏறினாலே பெரிது.

"பசளை காணாது போல, கொஞ்சம் போட்டு விடன் தம்பி" என்கிறா அம்மா. போடமாட்டேன். இந்த நேரத்தில் நைதரசன் கொடுத்தால் கொடிதான் கொழுக்கும். செப்டெம்பரில் காயை வளர்க்க நினைப்பவனைவிட, உடையாமல் வைத்திருப்பவனுக்குத்தான் தராசில் இடம்.

செப்டெம்பர் 9, செவ்வாய்

அடிக்கொடி இலைகளில் சாம்பல் நோய், மா தூவினமாதிரி. ஒன்ராறியோவில் இந்த மாதத்தில் அது வராவிட்டால்தான் அதிசயம். இளம் இலைகளுக்கு மட்டும் மருந்தடித்தேன். பாதி பச்சை இருக்கும் பழைய இலையை வெட்ட எனக்கு மனமில்லை, அதுவும் இன்னும் காய்க்குச் சமைத்துப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறது. நுனிகளில் புதுப் பிஞ்சு பிடித்தால் உடனே கிள்ளிவிடுகிறேன்.

செப்டெம்பர் 14, ஞாயிறு

இரவு முழுக்க மழை. விடிய முதல் வேலையாகக் காம்பைச் சுற்றிக் கையால் தடவிப் பார்த்தேன். காய்ந்து கிடந்த மண்ணில் ஒரேயடியாகத் தண்ணீர் விழுந்தால் காய் அதை உறிஞ்சி வீங்கும், முற்றிய தோல் இழுபடாது, வெடிக்கும். வெடிப்பு உள்ளே விதைக்குடம்வரை போனால் கதை முடிந்தது. எத்தனை ஆயிரம் இறாத்தல் என்றாலும் போட்டியில் சேர்க்கமாட்டார்கள், அழுகலுக்கும் அதே விதி.

வெடிப்பு இல்லை. ஆனால் காம்புக்குக் கிட்ட ஒரு மடிப்பு ஆழமாகி ஈரம் நிற்கிறது. இதை டில் வளையம் என்பார்கள். நோவா ஸ்கோஷியாவின் வின்சரில் இருந்த ஹவர்ட் டில்லின் பெயர் அது. இன்று உலகம் முழுக்கப் போட்டிக்கு நடுகிற 'அட்லாண்டிக் ஜயன்ட்' இனத்தை உருவாக்கிய விவசாயி. 1981இல் அவருடைய 493.5 இறாத்தல் காய் உலக சாதனை. இன்றைக்கு அந்த நிறையோடு போனால் உள்ளூர்ப் போட்டியில்கூட ஒருவரும் திரும்பிப் பார்க்கார்.

ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, சின்ன மின்விசிறி ஒன்றை மடிப்புக்கு நேரே வைத்துவிட்டேன். அது பகலும் இரவும் ஓடட்டும்.

செப்டெம்பர் 20, சனி

இரவில் 4 பாகை. பொழுது படமுதல் இரண்டு கம்பளி போர்த்தி மேலே தறப்பாள். பகலின் சூட்டைக் காய் பிடித்து வைத்திருந்தால் இரவிலும் கொஞ்சம் வளரும். விடிந்ததும் கம்பளியை எடுத்துவிட்டு வெள்ளைத் துணி: வெயில் நேரே பட்டால் தோல் இறுகிவிடும். போர்வைக்காரன் வேலை என்று அம்மா பெயர் வைத்துவிட்டா. அந்தக் கம்பளிகளில் ஒன்று அவவுடையது, எனவே எதிர்த்துப் பேச வழியில்லை.

செப்டெம்பர் 24, புதன்

காய்க்குக் கீழே எலி வளை. மணல் பரப்பி வைத்ததால் அடிப்பக்கம் காய்ந்து நல்லாயிருக்கிறது, ஆனால் எலிக்கும் மணல் தோண்டச் சுகம். பொறி வைத்தாயிற்று. அணில் சுரண்டிய தழும்பு ஒன்று, தோலோடு சரி.

ஒக்டோபர் 3, வெள்ளி

கூட்டுத்தொகை 348. கிழமைக்கணக்கில் பார்த்தால் அசைகிறது, நாள்கணக்கில் இல்லை. இனி வைத்திருந்து பயனில்லை.

கொடியை வெட்டினேன். காம்போடு ஓர் அங்குலத்துக்குமேல் கொடி விடக்கூடாது, அதுவும் நிறையில் சேர்ந்துவிடும் அல்லவா! பின்னேரம் நண்பர்கள் வந்தார்கள். உயரமான முக்காலி நிறுத்தி, சங்கிலிக் கப்பி தொங்கவிட்டு, காயைச் சுற்றிப் பட்டிகளை அடியில் கொடுத்து வளையத்தில் இறுக்கினோம். காய் மண்ணை விட்டு எழும்பிய நேரம் ஒருவரும் பேசவில்லை, பட்டி மட்டும் கிறீச்சிட்டது. அடி சுத்தம். அழுகலும் இல்லை, துளையும் இல்லை. மரத்தட்டில் இறக்கி வாகனத்தில் ஏற்றியபின்தான் எல்லோருக்கும் பகிடி வந்தது.

ஒக்டோபர் 5, ஞாயிறு

நேற்று போட்டியில் எடை பார்த்தாயிற்று: 941 இறாத்தல். 348 என்ற கூட்டுத்தொகைக்கு அட்டவணை சொல்வதைவிடக் குறைவு. சதைச்சுவர் மெல்லிய காய் போல. ஆயிரம் எட்டாதது கொஞ்சம் உறைக்கிறது, மறைப்பானேன்.

நேற்றே இங்கிலாந்திலிருந்தும் செய்தி. இயன், ஸ்டுவர்ட் பேட்டன் என்ற இரட்டைச் சகோதரர்கள் 2,819 இறாத்தல் காய் கொண்டுவந்து உலக சாதனை படைத்திருக்கிறார்கள். 2023இல் கலிபோர்னியாவின் ஹாஃப் மூன் பேயில் டிராவிஸ் கிங்கர் வைத்த 2,749 இனிமேல் இரண்டாவது. அவர்களுடையது கண்ணாடி வீட்டில் வளர்ந்தது. நான் கம்பளியோடு மல்லுக்கட்டிய இரவுகளை எண்ணினால் பொறாமையாக இருக்கிறது.

அம்மா கறிக்குக் கேட்கிறா. தண்ணிச் சதை, ருசியிராது என்று சொல்லியும் விடுகிறாவில்லை. ஒரு துண்டு வெட்டிக் கொடுக்கவேண்டியதுதான். விதைகளை மட்டும் கழுவிக் காயவைக்கிறேன். இந்தத் தொழிலில் விதைக்குப் பெயர் காயின் நிறை, வளர்த்தவர் குடும்பப்பெயர், ஆண்டு. 941 என்று தொடங்கும் விதையை யாரும் கேட்டு வரப்போவதில்லை, எனக்கு இரண்டு போதும். குளிர்காலம் வருமுன் நிலத்தில் மாட்டெருவும் இலைக்குப்பையும் போட்டு உழுதுவிட வேண்டும், பனி விழுந்தால் மண்வெட்டி இறங்காது.