ஹாரிஸ் கவுண்டியில் ஃபெலனி வழக்கு தேடுவோருக்கு

ஹூஸ்டனில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினோம். வேலைக்கு வரவிருந்த அக்காமீது ஃபெலனி, அதாவது கடுமையான குற்ற வழக்கு இருப்பதாக யாரோ சொல்ல, மனசு கேட்காமல் நானே தேடினேன்.

டெக்சஸில் ஃபெலனியை விசாரிப்பது மாவட்ட நீதிமன்றம். இங்கே, ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில், கோப்புகள் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம் (மாவட்ட நீதிமன்ற ஆவணங்களை வைத்திருக்கும் அலுவலகம்) இருக்கும். கவுண்டி கிளார்க்கிடம் போய் நிற்காதீர்கள். டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கின் இணையதளத்தில் பெயரைப் போட்டால் வழக்கு எண் கிடைக்கும். அதைச் சொல்லி நகல் கேளுங்கள். முத்திரையிட்ட சான்று நகல் வேண்டுமா என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், பெயரை மட்டும் நம்பவே கூடாது. நான் பார்த்ததில் பெயர் எழுத்துக்கு எழுத்து அதேதான். பிறந்த வருடம் வேறு! தீர்ப்பையும் படியுங்கள், தள்ளுபடியான வழக்கும் பட்டியலில் நிற்கும்.

அக்கா திங்கட்கிழமை வருகிறார்.