மொட்டை மாடியில் ஒரு ரூம்: பழைய தளத்தோடு மல்லுக்கட்டிய கதை

முதல் பெரிய மழைக்கே புது ரூமின் மேற்குச் சுவர் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு ஈரம் ஏறிவிட்டது. மேல்தளம் ஒழுகவில்லை, ஜன்னல் வழியாகவும் வரவில்லை. பழைய மாடியின் தட்டோட்டுக்கு (மாடித் தரையில் பதித்த தட்டை ஓடு) அடியில் ஊர்ந்து வந்த தண்ணீர். மாடியில் ரூம் எடுக்கப் போகிறவர்கள் செங்கல் விலை விசாரிப்பதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வேலை இதுதான்: 9 அங்குலச் சுவரில் நிற்கும் தரைதள வீடு, பில்லர் கிடையாது. மேலே உள்ளளவு 10-க்கு 14 அடியில் ஒரு ரூம். பொருள் வாங்குவது நாம், மேஸ்திரிக்குச் சதுரடிக் கூலி. மூலையில் குழி தோண்டி அஸ்திவார அகலத்தைப் பார்த்த பிறகுதான் என்ஜினியர் சரி சொன்னார். பள்ளி விடுமுறையை நம்பி மே மாதம் ஆரம்பம்.

பிளான் அனுமதிக்குப் போனால் மூலப் பத்திரம் எங்கே என்றார்கள். அது வீட்டுக்கடனுக்காக வங்கியில் இருக்கிறது. "ஜெராக்ஸ் செல்லாது சார்" என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிட்டார் கவுன்டர்காரர். மறுமுறை போனபோது பக்கத்து மேஜையில் இருந்தவர்தான் வழி சொன்னார்: சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திர எண்ணும் ஆண்டும் கொடுத்து மனுப்போட்டால் சான்றிட்ட நகல் கிடைக்கும். அதை ஏற்றுக்கொண்டார்கள். முதல் நாளே சொல்லியிருந்தால் இரண்டு அரைநாள் லீவு மிஞ்சியிருக்கும்.

கூலி பேசும்போது விட்டுப்போனவை மூன்று: இடிப்பு, இடித்த கழிவை இறக்குவது, பொருளை மாடிக்கு ஏற்றுவது. சதுரடிக் கூலியில் இதெல்லாம் அடங்காது என்று மேஸ்திரி பாதி வேலையில் நின்று சொல்வார். தாளில் எழுதி வாங்கிவிடுங்கள்.

இனி சுருக்கி. பழைய மாடியில் தளத்துக்கு மேல் மூன்று நாலு அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டிருப்பார்கள், அதுதான் சுருக்கி. அதற்கு மேல் தட்டோடு. புதுச்சுவர் இதன் மேல் உட்காரக் கூடாது. சுருக்கி அமுங்கும், தண்ணீர் குடிக்கும். சுவர் வரும் இடத்தில் ஓரடி அகலத்துக்கு வெட்டி எடுத்து, கான்கிரீட் தெரிந்த பிறகு, சிமென்ட் பால் ஊற்றி முதல் வரி வைக்க வேண்டும். அதுவும் கீழ்ச்சுவருக்கு நேர் மேலே. மேலிருந்து பார்த்தால் கீழ்ச்சுவர் எங்கே ஓடுகிறது என்று தெரியாது. கைப்பிடிச்சுவரின் வெளிமுகத்திலிருந்து அளந்து மேஸ்திரி நூல் கட்டிவிட்டார். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் கைப்பிடிச்சுவர் கீழ்ச்சுவரைவிட இரண்டு அங்குலம் வெளியே தள்ளி நிற்கிறது. நூலை அவிழ்த்து, கீழே ரூம் ரூமாக அளந்து, பூச்சோடு சுவர்க் கனத்தையும் கூட்டி மறுபடி கட்டினோம். அரைநாள் கூலி போனாலும் பரவாயில்லை.

செங்கல் கணக்கு எளிது. 9 அங்குலச் சுவர் நூறு சதுரடிக்கு, உடைசல் சேர்த்து ஆயிரம் கல். கம்பியை எடை போட்டே இறக்குங்கள்: 40 அடி நீளத்தில் 8 எம்.எம். கம்பி சுமார் 4.7 கிலோ, 12 எம்.எம். சுமார் 10.6 கிலோ.

தளம் போட்ட நாள் தனிக் கூத்து. ஐந்து அங்குலத் தளம், சுவர் மேல் உட்காரும் பகுதியோடு சுமார் 178 சதுரடி. 1:1½:3 கலவையில் (சிமென்ட், மணல், ஜல்லி) 17 மூட்டை சிமென்ட் ஆகும், கையில் 20 வைத்துக்கொண்டோம். டீசல் மிக்சர், பெட்ரோல் வைப்ரேட்டர், எல்லாம் தயார். காலை ஒன்பது மணிக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. போர் மோட்டார் ஓடாது. முந்தின இரவே தொட்டியும் நாலு டிரம்மும் நிரப்பி வைத்ததால் தப்பித்தோம். தேதி குறிக்கும் முன் மின்தடை அறிவிப்பைப் பாருங்கள். மிக்சர்காரர் கை கூசாமல் தண்ணீர் ஊற்றுவார். மூட்டைக்கு 25 லிட்டர்தான் கணக்கு, மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறைய வேண்டும். ஒருவர் பக்கெட்டோடு அங்கேயே நிற்பதைத் தவிர வழியில்லை. அக்னி நட்சத்திர வெயிலில் பத்து மணிக்குள் முடிக்காவிட்டால், மட்டம் தட்டும்போதே மேலே மயிரிழை வெடிப்பு விழும். நனைத்த சாக்கு தயாராக இருக்கட்டும்.

எலக்ட்ரீஷியன் லேட்டாக வந்து பைப்பை ஓட்டினார். அந்த அவசரத்தில் ஃபேன் ஹூக் பாக்ஸ் விட்டுப்போனதை, தளத்தைத் தாங்கிய சென்ட்ரிங் பலகைகளைப் பிரித்த அன்றுதான் கண்டுபிடித்தோம்.

தண்ணீர் காட்டுவதை வேலையாட்களிடம் விடாதீர்கள். சுவருக்கு ஏழு நாள், தளத்துக்குப் பாத்தி கட்டிப் பத்து நாளுக்குக் குறையாமல். காலை ஆறு மணிக்கு நான், பதினோரு மணிக்கு அம்மா, சாயங்காலம் பிள்ளைகள் என்று ஃபிரிட்ஜ் கதவில் தாள் ஒட்டினோம். பிள்ளைகளுக்கு இது விளையாட்டு, ஒரு வேளைகூடத் தப்பவில்லை. பாத்தித் தண்ணீரை வாரம் ஒருமுறை முழுக்க வடித்துவிட்டு நிரப்புங்கள், இல்லாவிட்டால் கொசு பெருகும். தண்ணீர்த் தொட்டியை இடம் மாற்றுவதை மட்டும் வேலை தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள். பாதி வேலையில் செய்தால் சமையலும் குளியலும் ஒருநாள் நின்றுபோகும்.

புதுச்சுவர் பழைய ஹெட்ரூமை (படிக்கட்டுக்கு மேலுள்ள சிறு அறை) தொடும் இடத்தில் இரண்டு அடிக்கு ஒன்றாக 8 எம்.எம். கம்பியைக் கெமிக்கல் வைத்து நட்டு, பூசும் முன் ஓரடி அகலத்துக்குக் கோழிவலை அடிக்கச் சொன்னேன். கம்பி நட்டார்கள். வலையை "தேவையில்லைங்க" என்று விட்டுவிட்டார்கள். இரண்டே மாதத்தில் மேலிருந்து கீழ்வரை நேர்கோட்டில் விரிசல்.

அந்த ஈரத்துக்குக் காரணம் வெளியே இருந்தது. பழைய மாடியின் வாட்டம், அதாவது தண்ணீர் ஓடும் சரிவு, கிழக்கே இருந்த மழைநீர்க் குழாயை நோக்கி. அந்த வழியில் குறுக்கே புது ரூம். தண்ணீர் மேற்குச் சுவரில் முட்டி நின்று, வெட்டிய தட்டோட்டின் விளிம்பு வழியாகச் சுருக்கிக்குள் இறங்கியிருக்கிறது. கட்டும் முன் ஒரு குடம் தண்ணீரை மாடியில் கொட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

சரி செய்தது இப்படி: சுவரை ஒட்டி ஓரடிக்குத் தட்டோட்டையும் ஜல்லியையும் தளம் தெரியப் பெயர்த்து, நன்றாகக் காயவிட்டு, 1:3 சிமென்ட் மணல் கலவையில் வாட்டர் புரூஃபிங் கெமிக்கல் சேர்த்து நிரப்பினோம். சுவரும் தளமும் சேரும் மூலையை வட்டமாகக் கலவையால் வளைத்து, வாட்டம் திருப்பி, தட்டோடு பதித்தோம். வடக்கே கைப்பிடிச்சுவரைத் துளைத்து நாலு அங்குலக் குழாய் ஒன்று. விரிசலை 'வி' வடிவத்தில் கீறி, பி.யு. (பாலியூரித்தேன்) சீலன்ட் அடைத்தாயிற்று.

ஐப்பசி மழை முழுக்கச் சுவர் காய்ந்தே கிடந்தது. ஃபேனுக்குத் தளத்தைத் துளைத்து ஆங்கர் போல்ட் போட வேண்டும். அதுவரை பிள்ளைகள் டேபிள் ஃபேனில்தான் படிக்கிறார்கள்.