‘சமயம்தானே, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்’

ஓ.எல். (க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை) எழுதும் பிள்ளை இருக்கிற யாழ்ப்பாணத்து வீடு எதற்குப் போனாலும் இந்த வசனம் காதில் விழும். கணிதத்துக்கு ஒரு ரியூசன், விஞ்ஞானத்துக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு ஒன்று. சமய பாடமான சைவநெறியின் கொப்பி மட்டும் மேசையின் அடியில் கிடக்கும். எழுதும் ஒன்பது பாடங்களில் கட்டாயமானவை ஆறு. சமயம் அதில் ஒன்று. பெறுபேற்றுத் தாளில் கணிதத்து ஏ-யும் சைவநெறி ஏ-யும் ஒரே அளவில்தான் அச்சாகின்றன. இதைச் சொன்னால், “கோயிலுக்குப் போகிற பிள்ளைக்கு அது வராதா?” என்று அக்கா என்னையே திருப்பிக் கேட்கிறாள்.

வராது. கோயிலுக்குப் போகிற பிள்ளைக்கு எல்லாம் தெரியும், ஆனால் வினாத்தாள் கேட்கிற ஒழுங்கில் தெரியாது. அக்காவின் மகள் இம்முறை எழுதுகிறாள். சிறுவயதில் நான் பண்ணிசை வகுப்புக்குப் போனவள் என்பதால் அவளுடைய சைவநெறி என் தலையில் விழுந்தது. பகலில் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு, விளக்கு வைத்த பிறகு நாயன்மார்.

முதலில் கடந்தகால வினாத்தாள் ஒன்றைக் கையில் கொடுத்து, 40 பல்தேர்வு வினாக்களையும் செய்யச் சொன்னேன். இவள் கந்தசஷ்டிக்கு விரதம் இருப்பவள். திருவெம்பாவைக் காலத்தில் என்னை எழுப்பிவிடுபவள். ‘வான்முகில் வழாது பெய்க’ எந்த நூலில் உள்ளது என்ற மாதிரிக் கேள்விக்குப் ‘பெரியபுராணம்’ என்று கோடு போட்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். “கோயிலில் புராணம் படித்த பிறகுதானே அதைப் பாடுகிறார்கள், சித்தி?” நியாயமான காரணம், விடைதான் பிழை. அது கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்து வாழ்த்து.

அன்றைக்கே குறிப்புப் புத்தகங்களை மூடிவைக்கச் சொன்னேன். தனியார் கல்வி நிலையங்கள் அச்சடித்து விற்கும் அந்த ஒருவரி வினாவிடைகளை நான் மதிப்பதில்லை. வினாவிடை என்ற வடிவத்தோடு எனக்குக் கோபம் இல்லை. ஆறுமுக நாவலர் எழுதிய சைவ வினாவிடையும் அந்த வடிவம்தான். ஆனால் நாவலரின் கேள்வி ஒன்றிலிருந்து அடுத்தது பிறக்கும். இந்தக் குறிப்புகளிலோ கேள்விகள் பஸ்ஸில் ஏறிய சனங்களைப் போல ஒன்றோடொன்று முகம் பாராமல் நிற்கின்றன. அப்படிப் பாடமாக்கியது பரீட்சை மண்டபத்து வாசல் வரைக்கும்தான் கூட வரும்.

அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த இடத்திலிருந்து தொடங்கினோம். பூசை முடிவில் பஞ்சபுராணம் பாடுவதை நடைபாதையில் நின்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, புராணம். சைவப் பாடல்களின் பன்னிரண்டு தொகுதிகள்தான் திருமுறைகள்; இதைத் திருமுறை எண்களாக எழுது என்றேன். தேவாரம் 1 முதல் 7 வரை: முதல் மூன்று சம்பந்தர், அடுத்த மூன்று அப்பர், ஏழாவது சுந்தரர். திருவாசகம் 8. திருவிசைப்பாவும் திருப்பல்லாண்டும் 9. பெரியபுராணம் 12. எழுதி முடித்ததும் அவளே நிமிர்ந்து, “அப்படியென்றால் பத்தும் பதினொன்றும் எங்கே?” என்று கேட்டாள். இந்தக் கேள்வியைத்தான் நான் எதிர்பார்த்துக் காத்திருந்தேன்.

பத்து, திருமூலரின் திருமந்திரம். பதினொன்றில்தான் எனக்குப் பிரியம். காரைக்கால் அம்மையார், நக்கீரதேவர், பட்டினத்தார், நம்பியாண்டார் நம்பி என்று பன்னிரண்டு பேர் பாடியது. அதில் முதலாமவர் திருவாலவாயுடையார், அதாவது சாட்சாத் மதுரைச் சிவபெருமான். பாடகரான பாணபத்திரருக்குப் பொருள் கொடுத்து அனுப்பு என்று சேர மன்னர் சேரமான் பெருமாளுக்கு எழுதிய திருமுகப்பாசுரம் அவருடையது. “கடவுளே சிபாரிசுக் கடிதம் எழுதினாரா!” என்று அவளுக்கு ஒரே சிரிப்பு. வேலைக்கு விண்ணப்பம் போடுகிற எங்கள் ஊரில் அதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. பதினோராம் திருமுறை இனி அவளுக்கு மறக்காது. ஒன்பதாம் திருமுறைக்கு ஒன்பது பேர், பதினொன்றுக்குப் பன்னிரண்டு பேர் என்பதும் அத்தோடு ஒட்டிக்கொண்டது.

எங்கள் முன்னோர் பாடமாக்குவதற்கென்றே வெண்பாக்கள் செய்து வைத்திருக்கிறார்கள். நால்வரின் வயதைச் சொல்லும் பழைய வெண்பா ஒன்று: ‘அப்பருக் கெண்பத்தொன்று அருள்வாத வூரருக்குச் செப்பிய நாலெட்டில் தெய்வீகம்’. அப்பருக்கு 81, மாணிக்கவாசகருக்கு 32. சுந்தரருக்கு மூவாறு, அதாவது 18. சம்பந்தருக்கு 16. “சம்பந்தருக்கு என் வயதா?” என்று கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தாள், பிறகு, நல்ல காலம் அவருக்கு ஓ.எல். இருக்கவில்லை என்றாள்.

சைவ சித்தாந்தத் தத்துவத்தைச் சொல்லும் சாத்திரங்கள் பதினான்குக்கும் அப்படி ஒரு வெண்பா உண்டு. ‘உந்தி களிறு உயர்போதம் சித்தியார் பிந்திருபா உண்மை பிரகாசம்’ என்று தொடங்கும். நான் சொல்லிக்கொடுத்த உபாயம் ஒன்றே ஒன்று: ‘பிரகாசம்’ என்ற சொல்லில் ஒரு கோடு போடு. அதற்கு முன் ஆறு நூல், மற்றவர்களுடையவை. சிவப்பிரகாசத்திலிருந்து சங்கற்ப நிராகரணம் வரை எட்டும் உமாபதி சிவாச்சாரியார் கணக்கில் படிப்பிக்கப்படுபவை. சித்தாந்த அட்டகம் என்பது அதுதான். உண்மை விளக்கம் கோட்டுக்கு முன்னே வரும், மனவாசகங்கடந்தார் பாடியது. உண்மைநெறி விளக்கம் கோட்டுக்குப் பின்னே. இரண்டையும் ஒரே வினாவின் விடைகளாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பிள்ளை தடுமாறத்தானே செய்யும்?

உண்மை விளக்கம் என்று வந்ததும் சுவரில் இருந்த நடராசர் படத்தைக் கழற்றி மேசையில் வைத்தேன். இறைவனின் ஐந்தொழிலான பஞ்சகிருத்தியத்தைப் பட்டியலாகப் பாடமாக்கினால் மறைத்தல் எப்போதும் விடுபட்டுப்போகும். படத்தில் பார்த்தால் விடுபடாது. வலது மேற்கையில் உடுக்கை, படைத்தல். அஞ்சேல் என்று காட்டும் வலது கீழ்க்கை, காத்தல். இடது மேற்கையில் அனல், அழித்தல். முயலகன் மேல் ஊன்றிய வலது பாதம் மறைத்தல். தூக்கிய இடது பாதம் அருளல். ‘தோற்றம் துடியதனில் தோயும் திதி அமைப்பில்’ என்ற பாட்டு இதைத்தான் சொல்கிறது. அவள் எழுந்து நின்று, ஒரு காலைத் தூக்கி, விழப்பார்த்து, ஐந்தையும் சொல்லிமுடித்தாள். மறைப்பதும் அருளுக்காகத்தான் என்ற வரியை விடையில் எழுதினால் திருத்துகிறவருக்குப் பிள்ளை விளங்கிப் படித்திருக்கிறது என்று தெரியும் என்றேன். மறைக்கிற காலும் அருள்கிற காலும் ஒருவருடையவைதானே என்று அவள் சொன்னது எந்தக் குறிப்பிலும் இல்லாத வாக்கியம். அப்படியே எழுது என்று விட்டுவிட்டேன்.

இறைவனை அடையும் நால்வகை நெறியை உறவுமுறையில் பிடித்தோம். அடியானாக உழவாரம் ஏந்திய அப்பர், சரியை. மகனாகச் சம்பந்தர், கிரியை. தோழனாகச் சுந்தரர், யோகம். குருவின் முன் உருகிய மாணிக்கவாசகர், ஞானம். இதற்கு நேரே சாலோகம், சாமீபம், சாரூபம், சாயுச்சியம் என்று நான்கு முத்திகளையும் எழுதிவிட்டால் தாசமார்க்கம், சற்புத்திரமார்க்கம், சகமார்க்கம், சன்மார்க்கம் தாமாக வந்து நிற்கும். இது சுலபம், அரைமணி நேரம் போதும்.

ஈழத்துத் தலங்களில்தான் மனவருத்தம். திருகோணமலையில் உள்ள திருக்கோணேச்சரத்துக்குச் சுற்றுலா போய் மலை விளிம்பில் நின்று படம் எடுத்த பிள்ளைக்கு, அந்த அம்மன் மாதுமையா கௌரியா என்று குழப்பம். மாதுமை கோணேச்சரத்தில், தீர்த்தம் பாபநாசம். கௌரி அம்மை மன்னாரில் திருக்கேதீச்சரத்தில், தீர்த்தம் பாலாவி. கோணேச்சரத்துக்குச் சம்பந்தரின் பதிகம் ஒன்று, ‘நிரைகழல் அரவம்’. கேதீச்சரத்துக்கு இரண்டு: சம்பந்தர் ‘விருது குன்ற’ என்று தொடங்குவது, சுந்தரர் ‘நத்தார்படை’ என்று தொடங்குவது. சம்பந்தர் கடல் கடந்து வராமல் இராமேச்சரத்தில் இருந்தபடி பாடினார் என்கிறது பெரியபுராணம். மூன்று பதிகத்தையும் நான் பண்ணோடு பாடிக்காட்டினேன். பக்கத்து வீட்டு அன்ரி மதிலால் எட்டிப் பார்த்து, வீட்டில் ஏதும் விசேஷமா என்று கேட்டார்.

இனி வினாத்தாளின் இரண்டாம் பகுதி, விடையை விரித்து எழுதுவது. அதில் எனக்கு ஒரு குறை உண்டு. ‘ஆலய வழிபாட்டால் பெறும் நன்மைகள் நான்கு தருக’ என்ற வகைக் கேள்வி வந்தால் பிள்ளைகள் மன அமைதி, ஒற்றுமை, ஒழுக்கம் என்று எந்தச் சமயத்துக்கும் பொருந்துகிற வார்த்தைகளைக் கொட்டிவிட்டு வருகிறார்கள். அதே மண்டபத்தில் அதே நேரத்தில் கத்தோலிக்கம் எழுதுகிற அவளுடைய தோழியும் அந்த நான்கையே எழுதலாம். ஒவ்வொரு நன்மைக்கும் ஒரு நாயன்மார், அல்லது ஒரு திருமுறை அடி, அல்லது ஒரு கிரியை என்று துணைக்கு வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஆறுமுக நாவலரைப் பற்றி எழுதும்போதும் ‘சைவத்துக்கு அரும்பணி ஆற்றினார்’ என்று நிறுத்தாமல், நல்லூரில் பிறந்தவர், 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கியவர் என்று ஆளையும் ஊரையும் ஆண்டையும் வைக்க வேண்டும்.

இன்று இரவு யாழ்ப்பாணத்து ஞானி யோகர் சுவாமிகள். அவருடைய நான்கு மகாவாக்கியங்களில் ‘ஒரு பொல்லாப்பும் இல்லை’ என்பதை அவள் கணிதக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறாள். மற்ற மூன்றையும் கேட்டேன். பார்த்துச் சொல்கிறேன் என்று உள்ளே போயிருக்கிறாள்.